பி.பி., சுகர் கேட்கும் டாக்டர், 'என்ன வேலை பார்க்கிறீங்க?'ன்னு ஏன் கேட்கணும்? ஈயம், காட்மியம், இதயம்: கொங்கு மண்டலத்துக்கு ஒரு விளக்கம்

பழைய நகைக்கடை போர்டுகளில் 'இங்கு கேடிஎம் நகைகள் கிடைக்கும்' என்ற வரியைப் பார்த்திருப்பீங்க. "இது கேடிஎம், உருக்கினாலும் மாற்று குறையாது" என்று வீட்டில் யாராவது பெருமையாகச் சொல்லிக் கேட்டும் இருப்பீங்க. பலரும் நினைப்பதுபோல கேடிஎம் ஒரு தர முத்திரை கிடையாது. காட்மியம் என்ற உலோகத்துக்கு நகைத் தொழிலில் வைத்த சுருக்கப் பெயர் அது.

நகையின் துண்டுகளைப் பற்றவைக்க ஆசாரிகள் பயன்படுத்தும் கலவைக்குப் பெயர் 'பொடி'. முன்பு செம்பு, வெள்ளி கலந்த பொடிதான் புழக்கத்தில் இருந்தது. நகையை உருக்கினால் அந்தக் கலப்பு தங்கத்தோடு சேர்ந்து மாற்றைக் குறைத்துவிடும். 92 பங்கு தங்கத்தோடு 8 பங்கு காட்மியம் சேர்த்த பொடி வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. காட்மியம் 767 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும்; தங்கம் உருகவே 1,064 டிகிரி வேண்டும். நெருப்பு ஊதினால் காட்மியம் போயிடும், தங்கம் நின்றுவிடும்.

போயிடும், சரி. எங்கே போகும்? ஊதுகிறவரின் மூச்சுக்குள்.

அதனால்தான் ஹால்மார்க் நகைகளில் காட்மியம் பொடியை இந்திய தர நிர்ணய அமைவனம் அனுமதிப்பதில்லை. நகையைப் போட்டுக்கொள்கிறவருக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்து, அதைச் செய்கிறவருக்கு. நுரையீரல், சிறுநீரகம் கெடும் என்பது ரொம்ப நாளாகவே தெரிந்த விஷயம். இப்போது அந்தப் பட்டியலில் இதயமும் சேர்ந்திருக்கிறது.

புதுசா என்ன சொல்றாங்க?

அமெரிக்க இதய சங்கம் 2023 ஜூனில் ஒரு அறிவியல் அறிக்கை வெளியிட்டது. ஈயம், காட்மியம், ஆர்சனிக் ஆகிய மூன்று உலோகங்களும் குறைந்த அளவில் நீண்ட காலம் உடலில் சேர்ந்தாலே மாரடைப்பு, பக்கவாதம், கால் ரத்தக்குழாய் அடைப்பு போன்றவற்றுக்கான ஆபத்தைக் கூட்டும் என்பது அதன் சாரம். இதய மருத்துவர்கள் பி.பி., சர்க்கரை, கொழுப்பு, புகை என்று கேட்கும் பட்டியலில் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்கிறது அந்த அறிக்கை.

இதற்கு முன்பே, 2018-ல் 'பிஎம்ஜே' மருத்துவ இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 37 ஆய்வுகள், கிட்டத்தட்ட 3.5 லட்சம் பேர். உடலில் உலோக அளவு அதிகமாக இருந்த மூன்றில் ஒரு பங்கினரையும், குறைவாக இருந்த மூன்றில் ஒரு பங்கினரையும் ஒப்பிட்டார்கள். இதய, ரத்தக்குழாய் நோய் ஆபத்து ஈயத்தால் 43%, காட்மியத்தால் 33%, ஆர்சனிக்கால் 30% அதிகமாக இருந்தது.

இந்த சதவீதத்தை எப்படிப் படிக்கணும்? 'ஈயம் உள்ள 100 பேரில் 43 பேருக்கு ஹார்ட் அட்டாக்' என்று அர்த்தமில்லை. குறைவான குழுவில் 100 பேரில் 10 பேருக்கு நோய் வந்தால், அதிகமான குழுவில் சுமார் 14 பேருக்கு வந்திருக்கும் என்று அர்த்தம். ஒரு ஆளுக்கு இது சின்ன வித்தியாசமாகத் தெரியும். ஒரு மாவட்டத்துக்கே கணக்குப் போட்டால் ரொம்பப் பெரிசு.

2024-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,400-க்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரில் உலோக அளவையும், இதய ரத்தக்குழாயில் படியும் கால்சியத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். காட்மியம் அதிகமாக இருந்த கால் பங்கினருக்கு, குறைவாக இருந்த கால் பங்கினரைவிட ஆரம்பத்திலேயே 51% கூடுதல் படிவு இருந்தது. 10 ஆண்டுகளில் அந்த வித்தியாசம் 75% ஆனது.

உலோகம் இதயத்தை எப்படிக் கெடுக்குது?

இரும்பு, துத்தநாகம், செம்பு எல்லாம் உடலுக்குத் தேவை. ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் உடலில் ஒரு வேலையும் கிடையாது. ஆனால் வேலை இருக்கிற உலோகம் மாதிரி வேஷம் போட்டு உள்ளே வந்துவிடும்.

ஈயம் போடுவது கால்சியம் வேஷம். உடல் அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் பத்திரப்படுத்தும். ரத்தத்தில் உள்ள ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் உள்ளது பாதியாக 20, 30 வருஷம் ஆகும். காட்மியம் சிறுநீரகத்தில் குடியேறும். அதுவும் 10 முதல் 30 வருஷம் வரை லேசில் கிளம்பாது.

ரத்தக்குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரப்பதால்தான் குழாய் தளர்ந்து விரிகிறது. ஈயம் அந்தச் சுரப்பைக் கெடுக்கிறது. குழாய் விறைக்கிறது, பி.பி. ஏறுகிறது. சிறுநீரகம் அடிபட்டால் பி.பி. இன்னும் ஏறும். குழாய்ச் சுவரில் அழற்சி கூடினால் கொழுப்பு படிய வசதி. எந்த ஒரு நாளும் இது அறிகுறி காட்டாது. 50 வயதில் மாரடைப்பு வரும்போது 'டென்ஷன்', 'பரம்பரை' என்றுதான் பேசுவோம்.

15 லட்சமா, 55 லட்சமா?

இந்தத் தலைப்பைத் தேடினால் இரண்டு எண்கள் கிடைக்கும், குழம்பிவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஈயத்தால் உலகம் முழுவதும் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகச் சொல்கிறது. பெரும்பாலும் இதய பாதிப்பால். உலக வங்கி ஆய்வாளர்கள் 2023-ல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழில் எழுதியதோ 55 லட்சம். அதுவும் 2019 என்ற ஒரே ஆண்டில், இதய, ரத்தக்குழாய் நோயால் மட்டும்.

ஏன் இந்த இடைவெளி? முதல் கணக்கு, ஈயம் பி.பி.யை ஏற்றி, அதனால் வரும் மரணங்களைப் பிடிக்கிறது. இரண்டாவது கணக்கு, பி.பி. வழியாக இல்லாமல் நேரடியாக ரத்தக்குழாயைக் கெடுப்பதால் வரும் மரணங்களையும் சேர்க்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும் ஒன்று பொது: சுமையில் பெரும்பகுதி நம்மைப் போன்ற நாடுகளின் தலையில்தான். 55 லட்சத்தில் சுமார் 90% குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்.

கோவைக்கு என்ன சம்பந்தம்?

பெரிய கடை வீதியிலும் ராஜ வீதியிலும் மின்னும் நகைகளில் ஒரு பகுதி செல்வபுரம், தெலுங்குபாளையம் பக்கத்துச் சின்னச் சின்னப் பட்டறைகளில் உருவாகிறது. ஒரு அறை, நாலைந்து பேர், ஒரு ஊதுகுழாய். ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்றில் தங்கத் துகள் பறந்துவிடும் என்று மூடிவைக்கும் இடங்களும் உண்டு. புகை வெளியே போக வழியில்லாத இடத்தில்தான் ஆபத்து அதிகம்.

நகையோடு முடியவில்லை. கோவை என்றாலே பம்ப், மோட்டார், பவுண்டரி. பம்புகளுக்குப் போகும் கன்மெட்டல் புஷ் வகைகள் பலவற்றில் ஈயம் ஒரு கலப்புப் பொருள். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குவது, ரேடியேட்டர் பற்றவைப்பது, பெயின்ட் உரித்து வெல்டிங் வைப்பது, எல்லாமே ஈயத் தூசியும் புகையும் வரும் வேலைகள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாடு முழுவதும் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, கோவை 72.38 மதிப்பெண்ணுடன் 'கடுமையாக மாசடைந்த' பட்டியலில் இடம்பிடித்தது. அந்த மதிப்பெண் உலோகத்தை மட்டும் வைத்துப் போட்டதல்ல. காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்தது.

சட்டம் என்ன சொல்கிறது? ஈய நச்சு, 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். ஆனால் நாலைந்து பேர் வேலை பார்க்கும் பட்டறை 'தொழிற்சாலை' என்ற வரையறைக்குள்ளேயே வராது. ஆபத்து எங்கே அதிகமோ, அங்கே ஆய்வாளர் எட்டிப் பார்க்க மாட்டார். சிக்கலின் மையமே இதுதான்.

ஆனைமலையில் பட்டறையே இல்லையே?

தென்னந்தோப்பு, நெல் வயல், ஆழியாறு. ஆனைமலை மாதிரி ஊரில் இருப்பவர்களுக்கு இது டவுன்காரங்க பிரச்சினையாகத் தோன்றலாம். அப்படி விட்டுவிட முடியாது. நாலு வழிகளில் உலோகம் வீடு தேடி வரும்.

ஒன்று, வேலைத் துணி. ஆனைமலை, பொள்ளாச்சி பக்கமிருந்து கோவைப் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் நிறைய. பேட்டரி கடையிலோ பவுண்டரியிலோ போட்ட சட்டையோடு வீட்டுக்கு வந்தால், தூசியும் கூடவே வரும். அந்தத் துணியைத் துவைக்கிறவருக்கும், அப்பா மடியில் ஏறும் குழந்தைக்கும் அது போகும்.

இரண்டு, மஞ்சள். புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சள் நமக்குப் பெருமை. தப்பு பயிரில் இல்லை. அறுவடைக்குப் பிறகு சில இடங்களில் நடக்கும் கலப்படத்தில். மங்கிய விரலி மஞ்சளைப் பளிச்சென்று காட்ட, பாலிஷ் போடும்போது லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசுகிறார்கள். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கையின் 23 நகரங்களில் எடுத்த மாதிரிகளை வைத்து 2024-ல் வந்த ஆய்வில், சுமார் 14% மாதிரிகளில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகள் சிலவற்றில் அது 1,000-ஐத் தாண்டியது. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட வரம்பு 10. லெட் குரோமேட் துளிகூட இருக்கக் கூடாது.

மூன்று, பாத்திரம். இங்கே தமிழே நம்மைக் கொஞ்சம் குழப்பும். பாடப்புத்தகத்தில் 'ஈயம்' என்றால் காரீயம், அதாவது நச்சு உலோகம். சமையலறையில் 'ஈயச் சொம்பு', 'ஈயம் பூசுறது' என்றால் வெள்ளீயம். அது வேறு உலோகம். நல்ல வெள்ளீயச் சொம்பில் ரசம் வைத்தால் பிரச்சினை இல்லை. விலை குறைக்கக் காரீயம் கலந்திருந்தால், புளியின் அமிலத்தில் அது ரசத்துக்குள் இறங்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025-ல் சில இறக்குமதி அலுமினியம், பித்தளை, இண்டாலியம் பாத்திரங்களிலிருந்து ஈயம் கசியக்கூடும் என எச்சரித்ததும் இதே காரணத்துக்காகத்தான்.

நான்கு, புகையும் உணவும். புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும். புகைபிடிப்பவர் உடலில் காட்மியம், பிடிக்காதவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். பீடிக்கும் விலக்கு இல்லை. புகைக்காதவர்களுக்கு முக்கிய வழி தானியமும் காய்கறியும். பாறை பாஸ்பேட்டிலிருந்து தயாராகும் உரங்களில் காட்மியம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்; கழிவுநீர் பாயும் மண்ணில் இன்னும் கூடும். இதற்காக அரிசியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வாய்க்காலில் எதைக் கலக்கிறோம் என்பதற்கும் தட்டில் என்ன வருகிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு, அவ்வளவுதான்.

90ஸ் கிட்ஸ், இது உங்களுக்கு

இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுமையாக நின்றது 2000 ஏப்ரலில். அதற்குச் சற்று முன், 90-களின் இறுதியில், ஜார்ஜ் அறக்கட்டளை சென்னை உட்பட 7 நகரங்களில் ரத்தப் பரிசோதனை நடத்தியது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. இன்று 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றும் சொல்கிறது.

அந்தக் குழந்தைகள் இன்று 30-களில், ஐ.டி. கம்பெனியிலும் வங்கியிலும் வேலை பார்க்கிறவர்கள். அன்று எலும்பில் சேர்ந்த ஈயத்தில் ஒரு பங்கு இன்னும் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்திலும், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு தேயும்போதும் அது மறுபடி ரத்தத்தில் இறங்கும். பெண்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இரும்புச்சத்து குறைவாக இருந்தால் உடல் ஈயத்தையும் காட்மியத்தையும் அதிகமாக உறிஞ்சும். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது தேசிய குடும்ப நல ஆய்வு.

அப்போ 'டீடாக்ஸ்' பண்ணிடலாமா?

இன்ஸ்டாவில் 'ஹெவி மெட்டல் டீடாக்ஸ்' ரீல்ஸ் பார்த்தவர்களுக்கு வரும் முதல் கேள்வி. கொஞ்சம் பொறுங்க.

இ.டி.டி.ஏ. என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றி உலோகத்தை வெளியே இழுப்பது கீலேஷன் சிகிச்சை. 2013-ல் வந்த 'டாக்ட்' ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 1,708 பேரிடம் இதை முயன்றார்கள். அடுத்தடுத்த இதய பாதிப்புகள் 18% குறைந்தன. சர்க்கரை நோயாளிகளுக்குப் பலன் இன்னும் அதிகமாகத் தெரிந்தது. பெரிய எதிர்பார்ப்பு. உறுதிசெய்ய, மாரடைப்பும் சர்க்கரையும் உள்ள 1,000 பேரிடம் 'டாக்ட் 2' நடத்தினார்கள். 2024-ல் முடிவு வந்தது: ரத்தத்தில் ஈயம் 61% குறைந்தது. இதய பாதிப்பு குறையவில்லை.

பல வருஷமாக நடந்த சேதத்தை, சில மாத டிரிப்ஸ் திருப்பிப் போடாது என்பதுதான் பாடம். தீவிர ஈய நச்சுக்கு கீலேஷன் உயிர்காக்கும் மருந்து. அது மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில். ஆன்லைனில் விற்கும் டீடாக்ஸ் டீ, கால் பேட் எல்லாம் உங்கள் பர்ஸை மட்டும்தான் சுத்தம் செய்யும்.

இதே எச்சரிக்கை, யார் தயாரித்தது என்றே தெரியாத பஸ்பம், செந்தூரத்துக்கும் பொருந்தும். 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது, 14-ல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. சித்த மருந்து எடுப்பவர்கள் பதிவு பெற்ற மருத்துவரிடம், உரிமம் உள்ள தயாரிப்பாக மட்டும் வாங்குங்க.

நாம என்ன பண்ணலாம்?

- நகைப் பட்டறை, பேட்டரி, பவுண்டரி, வெல்டிங் வேலை என்றால் டாக்டரிடம் அதை நீங்களே சொல்லுங்க. ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனை தனியாக உண்டு. சாதாரண ஹெல்த் செக்கப் பேக்கேஜில் பொதுவாக அது வராது.
- வேலை இடத்தில் சாப்பிடுவது, டீ குடிப்பது, பீடி பிடிப்பது வேண்டாம். கை, முகம் கழுவி, சட்டை மாற்றிவிட்டு வீட்டுக்கு வாங்க. வேலைத் துணியைத் தனியாகத் துவைக்கணும்.
- பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடைங்க. புகையை வெளியே இழுக்கும் விசிறி கட்டாயம். காட்மியம் இல்லாத பொடி சந்தையில் இருக்கிறது.
- மஞ்சளை லூசாக வாங்குவதைவிட, தெரிந்த விவசாயியிடம் பாலிஷ் போடாத விரலி வாங்கி மில்லில் அரைக்கலாம். அல்லது உரிமம் பெற்ற பாக்கெட். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம் தரத்துக்கு அடையாளமில்லை.
- புளி, தக்காளி சேரும் சமையலுக்கு ஸ்டீல், இரும்பு, மண்பாத்திரம் போதும்.
- ராகி, கீரை, பயறு, நெல்லிக்காய். கால்சியமும் இரும்பும் போதுமான அளவு இருந்தால் உடல் ஈயத்தைக் குறைவாகவே உள்ளே விடும்.
- பி.பி., சர்க்கரை, கொழுப்பு, புகை இவற்றை மறக்க வேண்டாம். உலோகம் அவற்றுக்கு மாற்று இல்லை. அவற்றின் மேல் ஏறும் கூடுதல் சுமை.

தனி ஆள் பார்த்துக்கொள்ளும் விஷயம் மட்டும்தானா?

இல்லை. இதில் நடந்த பெரிய வெற்றிகள் எல்லாமே மூலத்தை அடைத்ததால் வந்தவை. பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தினோம். வீட்டுப் பெயின்டில் 90 பிபிஎம்-க்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் அமலுக்கு வந்தது. வங்கதேசத்தில் 2019-ல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47% ஈயக் கலப்படம். அரசு கடைகளில் சோதனை போட்டது, அபராதம் விதித்தது, டிவியில் எச்சரித்தது. 2021-ல் அது பூஜ்ஜியம். பாலிஷ் மில் தொழிலாளர்களின் ரத்தத்தில் ஈயமும் சுமார் 30% குறைந்தது. அமெரிக்காவில் 1988-க்கும் 2004-க்கும் இடையே இதய நோய் மரணங்கள் குறைந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஈயமும் காட்மியமும் குறைந்ததால் வந்தது என்கிறது ஓர் ஆய்வு.

தமிழ்நாட்டில் இதற்கான அமைப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறது. 2024-ல் அது 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று வேலை இடத்துக்கும் வந்தது. பி.பி. அதிகமாக இருப்பவரிடம் "என்ன வேலை பார்க்கிறீங்க, எத்தனை வருஷமா?" என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கலாம். பதில் பொடி ஊதுவது, பேட்டரி உடைப்பது என்றால், ஈய அளவு பார்க்க மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பலாம். கேள்விக்குச் செலவு கிடையாது. பதில்களைச் சேர்த்துப் பார்த்தால், எந்தத் தெருவில் புகைபோக்கி வேண்டும், எந்தப் பட்டறைக்கு ஆய்வாளர் போக வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கேடிஎம் நகை வாங்கியபோது மாற்று குறையவில்லை என்று நாம் சந்தோஷப்பட்டோம். யாருடைய ஆயுள் குறைந்தது என்பதையும் இனி கணக்கில் எடுக்கணும்.